முதலும் நூலும்

ஆனைமலைக்கும் பழனிமலைக்கும் இடைப்பட்ட காடுகளில் தோன்றிச் சமவெளியில் இறங்கும் அமராவதியாறு, கரூர்ப் பக்கத்தே காவிரியோடு கலக்கிறது. அதன் கரையை அடுத்து, திருப்பூர் மாவட்டத்து மடத்துக்குளம் வட்டத்தில் அமைந்துள்ள பேரூர் கணியூர். நெல்லும் கரும்பும் தென்னையும் அவ்வூர்ப் பக்கத்து வயல்களின் விளைபொருள்கள். அமராவதியின் பழைய பாசனத்துக்குரிய எட்டு இராசவாய்க்கால்களுள் ஒன்று கணியூரின் பெயராலேயே வழங்குகிறது. ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வரினும், வாய்க்கால் இல்லையேல் வயலுக்குப் பயனில்லை. செல்வமும் அத்தகையதே. ஒருவனிடம் தேங்கிக் கிடக்கும் பணம் பெட்டியில் உறங்கும். தக்க வழியில் ஓடவிட்டால் அது பலருக்கு வாழ்வாகும்.

கணியூருக்கு வடக்கே, திருப்பூரில், பின்னலாடைத் தொழில் செழித்திருக்கிறது. பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி பனியனாகிக் கடல் கடந்து செல்கிறது. அங்கே ‘நூல்’ என்றவுடன் இழையே நினைவுக்கு வரும்; பள்ளியிலோ புத்தகமே நினைவுக்கு வரும். ஒரே சொல் இவ்விரு பொருளையும் தருவது தற்செயலன்று. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், சொற்களைப் பஞ்சாகவும், அறிவை நூற்கும் கதிராகவும் உருவகம் செய்து, நூல் பிறக்கும் வகையை விளக்கியிருக்கிறார். துண்டு துண்டான பஞ்சை முறுக்கி ஒரே இழையாக்குவது போலச் சிதறிய அறிவை முறைப்படுத்தி ஒன்றாக்குவதே நூல் என்பது அவர் கருத்து. தொழிலுக்கு முதலிடுவோர் அந்த இரண்டாவது நூலையும் கைவிடாமல் வாழ முடியுமா என்னும் வினாவுக்குக் கொங்கு நாட்டார் ஒருவரின் வாழ்க்கை விடை தருகிறது. அவர் பொள்ளாச்சியில் தோன்றிய நா. மகாலிங்கம்.

முதலிடுவோன் பணி

அவர் வாழ்க்கையைக் காணுமுன், முதலிடுதல் என்பது யாது என்று அறிந்துகொள்வது நலம். கடன் கொடுப்போன் வட்டியை எதிர்பார்க்கிறான். தொழில் நலிந்தாலும் அவனுக்குத் தொகை திரும்ப வரவேண்டும். முதலிடுவோன் நிலை வேறு. அவன் தொழிலின் இலாபத்தில் பங்கு கொள்வது போலவே நட்டத்திலும் பங்கு கொள்கிறான். புதிதாகத் தொடங்கும் தொழிலிலோ, நட்டத்திற்கான வாய்ப்பே மிகுதி. அத்தொழிலுக்கு நேற்றைய கணக்கு இல்லை. நாளைய நம்பிக்கை மட்டுமே உண்டு. இக்காலத்தில் இளைஞர் சிலர் கூடித் தொடங்கும் புதுத்தொழில்களுக்குப் பணம் அளிப்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் இதுவே.

ஆதலின், முதலிடுவோனுக்குப் பணத்தைவிட அறிவே முதன்மையான கருவி. இத்தொழிலை மக்கள் விரும்புவார்களா? இதற்கு வேண்டும் மூலப்பொருள் ஆண்டு முழுவதும் கிடைக்குமா? இதனை நடத்த வந்திருப்பவன் நேர்மையாளனா? இவ்வினாக்களுக்கு விடை எந்த ஒரு கணக்கேட்டிலும் இல்லை. நாட்டின் நிலத்தையும் நீரையும் அறிந்தவனே, மனித இயல்பைப் பல நூல்களிலும் பல முகங்களிலும் படித்தவனே, ஓரளவு விடை காண்பான்.

சாலையும் கல்வியும்

கொங்கு நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுத்தொழிலாக விளங்கியது பேருந்துப் போக்குவரத்து. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கலங்கலில் பிறந்த கோ. துரைசாமி நாயுடு, 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். பின்னாளில் புதுமைப் பொறிகள் பல படைத்து ‘ஜி. டி. நாயுடு’ எனப் புகழ்பெற்றவர் அவரே. உடுமலைப்பேட்டையையும் மடத்துக்குளத்தையும் கடந்து செல்லும் அச்சாலை, கணியூர் வட்டாரத்து மக்களுக்கு நெடுங்காலமாகப் பழகியது. மாட்டு வண்டியில் பழனிக்குச் சென்றுவந்த உழவருக்கு அக்காலத்தில் பேருந்து ஒரு வியப்பாகவே இருந்தது.

அதே பொள்ளாச்சியில், 1931ஆம் ஆண்டில், ஆனைமலைப் பேருந்துப் போக்குவரத்து நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் நாச்சிமுத்துக் கவுண்டர். அவருடைய மகனாக 1923ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் பிறந்தவர் மகாலிங்கம். தந்தையாரின் தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. கல்லாப்பெட்டியருகே அமர்ந்து வணிகத்தைக் கற்றிருந்தாலே அவருக்குப் போதும் என்று பலரும் எண்ணியிருக்கக்கூடும். அவரோ சென்னை சென்று, இலயோலாக் கல்லூரியில் இயற்பியலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் இயந்திரப் பொறியியலும் பயின்றார். பொருள்களின் இயல்பை ஆராயும் கல்வியும், அவ்வியல்பைப் பயன்படுத்தும் கல்வியும் ஒருங்கே அவருக்கு வாய்த்தன.

1952ஆம் ஆண்டு நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில் அவர் சட்டமன்ற உறுப்பினரானார். அப்போது அவருக்கு அகவை முப்பது நிறையவில்லை. 1967 வரை பதினைந்து ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் கொங்கு நாட்டின் பெருங்குறை தண்ணீரே. ஆனைமலையில் பெய்யும் மழை மேற்குக் கடலை நோக்கி ஓட, மலையின் கிழக்கே உள்ள நிலங்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. மலையில் ஓடும் ஆறுகளை அணைகளாலும் சுரங்க வழிகளாலும் இணைத்துக் கிழக்கே திருப்பும் பரம்பிக்குளம் - ஆழியாறுத் திட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களுள் மகாலிங்கமும் ஒருவர். மலைமேல் ஆறு, சமவெளியில் இரண்டு, ஆக எட்டு ஆறுகளை இணைக்கும் அத்திட்டத்தால் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கயம் முதலிய வட்டாரங்களின் வறண்ட நிலங்கள் பாசனம் பெற்றன. ஆட்சியாளரும் பொறியாளரும் தொழிலாளரும் பல்லாண்டு உழைத்துப் பெற்ற பயன் அது. ஒரு தனி மனிதர் முதலிட்டு அத்தகைய பணியை முடித்தல் இயலாது. அரசு செய்யவேண்டியது இது, தனியார் செய்யக்கூடியது இது என்று பிரித்தறிவதும் முதலிடுவோனுக்கு வேண்டிய தெளிவாகும்.

கரும்பாலை

1961ஆம் ஆண்டில் சக்தி சர்க்கரை ஆலை நிறுவனம் தோன்றியது. அதன் ஆலை ஈரோடு மாவட்டத்து அப்பக்கூடலில் அமைந்தது. சர்க்கரை ஆலை ஏனைய ஆலைகளைப் போன்றதன்று. பஞ்சை வாங்கிப் பல திங்கள் கிடங்கில் வைத்திருக்கலாம். வெட்டிய கரும்பை அவ்வாறு வைத்திருத்தல் இயலாது. வெட்டிய பின் நாள் செல்லச் செல்லக் கரும்பு உலரும். அதிலுள்ள இனிப்பும் குறையும். ஆகவே, எந்த வயலில் எந்த நாள் வெட்டுவது, எந்த வண்டியில் ஏற்றுவது, ஆலை வாயிலில் எத்தனை நாழிகை காத்திருப்பது என்பன யாவும் முன்னரே வகுக்கப்பட வேண்டும். ஆலை நின்றால் உழவன் வயலிலே கரும்பு காய்கிறது. உழவன் கரும்பு பயிரிடாவிடின் ஆலையின் பல்சக்கரம் சுழலாது. பிழிந்தபின் எஞ்சும் சக்கையே கொதிகலனுக்கு எரிபொருளாகி அந்த ஆலையை ஓட்டுகிறது. ஒருவரை ஒருவர் சார்ந்து நிற்கும் வாழ்க்கைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. அமராவதிப் பாசனத்தில் கரும்பு பயிரிடும் கணியூர் உழவர்கள் இவ்வுண்மையைத் தம் அனுபவத்திலேயே அறிவர்.

இத்தகைய தொழிலை நடத்துவோருக்கு ஓய்வு குறைவு. விலை ஏறும், இறங்கும். மழை பொய்க்கும். தொழிலாளர் கோரிக்கையும் அரசின் ஆணையும் நாள்தோறும் மேசைக்கு வரும். இவற்றின் நடுவே ஒருவர் நாள்தோறும் நூல் படித்தார், எழுதினார் என்பதே நாம் கருத்திற்கொள்ளத் தக்கது.

படிப்பு

மகாலிங்கத்தின் நெஞ்சை ஆட்கொண்டவர் இருவர். ஒருவர் வள்ளலார் எனப் போற்றப்படும் இராமலிங்க அடிகள், மற்றவர் காந்தியடிகள். வள்ளலார் பிறந்தது 1823ஆம் ஆண்டு. பசிப்பிணியே பிணிகளிற் பெரிது என உணர்ந்த அவர், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, சமய வேறுபாடின்றி வருவோர் அனைவருக்கும் அங்கே உணவளிக்கப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. காந்தியடிகளோ, செல்வர் தம் செல்வத்துக்கு உரிமையாளர் என்று தம்மைக் கருதாமல், மக்களின் பொருட்டு அதனைக் காக்கும் தருமகர்த்தாக்கள் என்று கருதவேண்டும் என்றார்.

இவ்விரு கருத்துகளும் செல்வந்தர் ஒருவரைச் சும்மா இருக்க விடுவன அல்ல. பிறர் பசித்திருக்கையில் என் பெட்டி நிறைந்திருப்பது முறையா என்று ஒரு நூல் கேட்கிறது. இப்பெட்டி உன்னுடையதுதானா என்று மற்றொரு நூல் கேட்கிறது. தமக்கு இனிமை தரும் நூல்களை மட்டும் படிப்போர் பலர். தம்மையே கேள்வி கேட்கும் நூல்களைத் தேர்ந்து படிப்போர் சிலரே. மகாலிங்கம் அச்சிலரின் வரிசையில் நின்றார். இராமலிங்கர் பணி மன்றத்தின் வாயிலாக ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்களில் சென்னையில் வள்ளலார் - காந்தி விழாவை நடத்தி வந்தார். இருவரும் அத்திங்களின் முதல் வாரத்திலேயே, ஒருவர் 5ஆம் நாளும் மற்றவர் 2ஆம் நாளும் பிறந்தமையால் விழா பொருத்தமுற அமைந்தது. பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டியும் பாடல் ஒப்பித்தற் போட்டியும் நடத்தி, அந்நூல்களை இளைஞர் கையிலும் சேர்ப்பித்தார்.

எழுத்து

படித்தவற்றைத் தம்மளவில் வைத்துக்கொள்ளாமல் எழுத்தில் வடித்தமை அவருடைய அடுத்த பணி. தமிழில் ‘ஓம் சக்தி’ என்னும் திங்களிதழும், ஆங்கிலத்தில் ‘கிசான் வேர்ல்டு’ என்னும் வேளாண்மைத் திங்களிதழும் அவர் முயற்சியால் வெளிவந்தன. ஓம் சக்தியில் அவர் தொடர்ந்து எழுதி வந்தார். நீரும் உழவும் பொருளியலும் சமயமும் அவர் எழுத்தில் இடம்பெற்றன.

திங்களிதழ் நடத்துவோரின் இடர்ப்பாட்டை வெளியிலிருப்போர் எளிதில் அறியார். ஆலையில் ஒரு நாள் வேலை நின்றால் மறுநாள் ஈடு செய்யலாம். இதழோ குறித்த நாளில் படிப்போர் கைக்கு வந்தே தீரவேண்டும். கட்டுரை வாங்கவேண்டும், திருத்தவேண்டும், அச்சுப்பிழை பார்க்கவேண்டும், தாளும் தபாலும் கணக்கிடவேண்டும். இத்தனைக்கும் பிறகு, இலக்கியமும் அறமும் பேசும் இதழ்கள் செலவுக்கு மேல் ஈட்டித் தருவது அரிது. வணிகக் கணக்கில் பார்த்தால், இவை முதல் திரும்பாத முதலீடுகள். ஆயினும் அவற்றின் பயன் வேறு ஏட்டில் பதிவாகிறது. சிற்றூர் நூலகத்தில் ஒரு மாணவன் அவ்விதழைப் புரட்டி, நீர் மேலாண்மை பற்றியோ நம் முன்னோர் பாடல் பற்றியோ ஒரு புதிய எண்ணம் பெறுவானாயின், அதுவே அம்முதலுக்கு வட்டி.

கல்விக்கும் அவர் குடும்பத்தாரின் அறநிலையங்கள் முதலிட்டன. 1957ஆம் ஆண்டில் பொள்ளாச்சியில் நாச்சிமுத்துத் தொழில்நுட்பப் பயிலகமும், 1984ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரியும் தோன்றின. உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் பொறியாளராவதற்கு இவை வாயில்களாயின.

ஆர்வமும் ஆராய்ச்சியும்

பண்டைத் தமிழரின் தொன்மையிலும் உலகப் பழம்பெரும் நாகரிகங்களின் வரலாற்றிலும் மகாலிங்கத்துக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. இத்துறையில் ஆராய்ச்சி நிகழவேண்டும் என்று பொருளும் நேரமும் செலவிட்டார். தொன்மை பற்றி அவ்வட்டத்தில் எழுந்த கருத்துகள் எல்லாவற்றையும் வரலாற்றறிஞர்கள் ஏற்றுக்கொண்டனர் என்று சொல்லல் இயலாது. இதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆர்வம் ஆராய்ச்சியின் தொடக்கம். சான்றே அதன் முடிவு.

தொழில் செய்து பொருளீட்டிய செருமானிய வணிகர் ஐன்ரிக் சிலீமன் என்பாரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. ஓமரின் காப்பியத்தில் தோய்ந்திருந்த அவர், அக்காப்பியம் கூறும் திராய் நகரம் கற்பனையன்று என நம்பினார். தம் சொந்தச் செலவில், 1870ஆம் ஆண்டு முதல் துருக்கி நாட்டு இசார்லிக் மேட்டை அகழ்ந்தார். அடுக்கடுக்காகப் புதைந்த நகரங்கள் வெளிப்பட்டன, உலகம் வியந்தது. ஆயினும், விரைந்து தோண்டியதால் இடைப்பட்ட அடுக்குகள் பல சிதைந்தன. அவர் திராய் எனக் கருதிய அடுக்கும் காப்பியம் கூறும் காலத்தினும் மிக முற்பட்டது எனப் பின்னர்த் தெரியவந்தது. நூலார்வம் அவரை மேட்டுக்கு அழைத்துச் சென்றது. பொறுமை குறைந்தமையால் இழப்பும் நேர்ந்தது. பொருளும் ஆர்வமும் உடையோர் துறையறிஞரின் துணையோடு நடத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

ஒரு தடை வினா

இங்கே ஒரு வினா எழலாம். செல்வர் நூல் படிப்பதும் இதழ் நடத்துவதும் வெறும் பொழுதுபோக்கு அன்றோ? அதனால் ஏழைக்கு யாது பயன்?

இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னிகி, செல்வனாக இறப்பது இழிவு என்னும் கருத்தை 1889ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் எழுதினார். எழுதியவாறே 2,500க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் எழப் பொருள் அளித்தார். ஆனால், 1892ஆம் ஆண்டில் அவருடைய ஓம்சுடெடு ஆலையில் கூலி பற்றிய பூசல் எழுந்தபோது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். தொழிலாளிக்கு நூலகம் வேண்டும். அதனினும் முன்னதாக நேரிய கூலியும், அந்நூலகத்திற்குச் செல்ல ஓய்வும் வேண்டும். பின்னலாடை ஆலைகளில் இரவுபகலாக உழைக்கும் தொழிலாளர் நிறைந்த திருப்பூர் நாட்டில் இவ்வுண்மையை மறத்தல் கூடாது. நூற்கொடை, கூலிக்கு ஈடாகாது. தருமகர்த்தா என்னும் சொல்லின் முழுப்பொருள் ஆலையின் உள்ளேயே தொடங்குகிறது.

எனினும், அதனால் நூற்பணி பயனற்றதாகிவிடாது. சந்தையில் விலை போகாத, ஆனால் சமுதாயத்துக்கு இன்றியமையாத நூல்கள் உள. அவற்றை ஆக்க ஒருவர் முன்வந்தே தீரவேண்டும். திருப்பூரில் 1903ஆம் ஆண்டு செல்வக் குடும்பத்தில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் அத்தகையோருள் தலையாயவர். கல்வியமைச்சராக விளங்கிய அவர், 1946ஆம் ஆண்டில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். அக்கழகம், பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, பத்துத் தொகுதிகளில் தமிழ்க் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. முதல் தொகுதி 1954இலும், இறுதித் தொகுதி 1968இலும் வந்தன. அணுவும் விண்மீனும் உடற்கூறும் பொருளியலும் தமிழிலேயே எழுதப்பட்டன. இலாபம் ஒன்றையே கருதும் எந்தப் பதிப்பாளரும் ஒரு பணிக்காக அத்தனை ஆண்டுகள் காத்திருக்க மாட்டார். அக்களஞ்சியம் வாராதிருந்தால், அறிவியலைத் தாய்மொழியில் கற்க விரும்பிய தலைமுறையொன்று வெறுங்கையோடு நின்றிருக்கும்.

எனவே, செல்வர் நூலுக்கு முதலிடுவது பொழுதுபோக்கா, கடமையா என்பதை அதன் பயனே தீர்மானிக்கிறது. தம் பெயர் விளங்குவதற்காக அச்சிடும் நூல் அலமாரியை நிரப்பும். பிறர் அறிவு விளங்குவதற்காக அச்சிடும் நூலோ தலைமுறையை நிரப்பும்.

நிறைவு

மகாலிங்கம் முதுமையிலும் படிப்பையும் விழாவையும் விடவில்லை. இந்திய அரசு 2007ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மபூசண் விருது அளித்துச் சிறப்பித்தது. மக்கள் அவரை ‘அருட்செல்வர்’ என்று அழைத்தனர். பொருட்செல்வம் படைத்த ஒருவருக்கு மக்கள் வேறொரு செல்வத்தின் பெயரைச் சூட்டியது கருதத்தக்கது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், சென்னையில் தாம் ஆண்டுதோறும் நடத்திவந்த அவ்விழாவின் நடுவிலேயே, 91ஆம் அகவையில் அவர் உயிர் நீத்தார். அவர் பெயரால் அமைந்த மொழிபெயர்ப்பு மையம், ஒரு மொழியின் நூல் வளத்தை மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்லும் பணியில் ஈடுபட்டுள்ளது.

மாணவர்களுள் பலர் வருங்காலத்தில் தொழில் தொடங்குவர். சிலர் பிறர் தொழிலுக்கு முதலிடவும் செய்வர். பணம் கைக்கு வந்தபின் படித்துக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருத்தல் வேண்டா. படிக்கும் பழக்கம் இளமையில் வேரூன்றாவிடின், பணம் வந்தபின் அதற்கு நேரம் வாராது. நாள்தோறும் சில பக்கம் படித்தலும், படித்ததை நான்கு வரியில் எழுதிவைத்தலும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. அவ்வாறு சேரும் அறிவே எவராலும் பறிக்க இயலாத முதல். அம்முதலை உடையவன் கையில் வரும் பொருள் வழிதவறாது. வாய்க்கால் வழி செல்லும் நீர்போல் வேண்டிய வயலைச் சென்றடையும்.